நிட்டேவோ: நகம், மயிர், சாட்சி

யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாக 1344இல் இலங்கையில் இறங்கிய இப்னு பதூதா, சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியில் குரங்குகளைக் கண்டார். அரசன் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் இன்னும் பலரையும் துணைக்கு அனுப்பியிருந்தான். குரங்குகள் கறுப்பு நிறம், வால் நீளம், ஆண்களுக்கு மனிதரைப் போலத் தாடி என்று அவர் எழுதிவைத்தார். மலைநாட்டுக் காடுகளில் இன்றைக்கும் வாழும் ஊதாமுக மந்தியை அறிந்தவர் எவரும் இந்தக் குறிப்பை ஏற்றுக்கொள்வார்கள். மயிர் அடர்ந்த கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெளுத்த தாடி, நீண்ட வால், எல்லாம் சரி.

ஆனால் குறிப்பு அதோடு நிற்கவில்லை. அந்தக் குரங்குகளுக்கு ஒரு தலைவன் உண்டு, அவன் இலைகளால் தலைப்பாகை கட்டித் தடியை ஊன்றியிருப்பான், இருபுறமும் தடி ஏந்திய நான்கு குரங்குகள் காவல் நிற்கும், மற்றவை நாள்தோறும் வந்து அவன் முன் அமரும், பின்பு பழங்களைக் கொண்டுவந்து கொடுக்கும் என்றும் எழுதுகிறார். இது நம்பத்தகுந்தவர்கள் சொல்லக் கேட்டது என்கிறார். காவல் குரங்குகள் ஒரு குரங்கைத் தடியால் அடித்ததைப் பார்த்ததாக யோகி ஒருவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறார். கண்டதையும் கேட்டதையும் அவர் தனித்தனியே வைத்ததால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கண்ட பகுதியில் விலங்கு இருக்கிறது. கேட்ட பகுதியில் அரசவை இருக்கிறது. தலைப்பாகை, செங்கோல், காவலர், திறை, தண்டனை எல்லாம் மனிதர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் குரங்குக்குக் கொடுத்தவை.

இந்த அளவுகோலை இலங்கைக் காட்டின் இன்னொரு கதைமேல் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நிட்டேவோ என்று அழைக்கப்படும் அந்தச் சிற்றுருவத்தைப் பற்றி ஏறத்தாழ 140 ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். வாலில்லாக் குரங்கு என்றார் சிலர், அழிந்துபோன ஆதிமனிதன் என்றார் சிலர், குள்ள மனிதர் என்றார் வேறு சிலர். எது நிற்கும் என்று யாராவது தீர்த்துச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பனையும் வடலியும் பற்றையும் மணற்கும்பிகளும்தான் நமக்குத் தெரிந்த நிலம். ஆனால் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கும்பிட்டுக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படுகிறவர்கள் வன்னி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் கடந்து, பாணமையையும் உகந்தைமலை முருகனையும் தாண்டி, குமண காட்டுக்குள் இறங்கிக் கும்புக்கன் ஓயாவைக் கடக்கிறார்கள். நிட்டேவோ கதையின் சொந்த மண் அதுதான். போரால் தடைப்பட்டு மீண்டும் தொடங்கிய அந்த யாத்திரையில் நம்மவர்கள் ஆண்டுதோறும் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். கிழக்குக் கரையின் கதைகளும் அவர்களோடு வடக்கே வருகின்றன.

முதலில் சாட்சிகள். இலங்கைச் சிவில் சேவை அதிகாரியும் தமிழ், சிங்கள ஏட்டுச் சுவடிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்தவருமான ஹியூ நெவில், 1885 முதல் 1888 வரை தாம் நடத்திய ‘தப்ரபேனியன்’ சஞ்சிகையில் நிட்டேவோவைப் பற்றி எழுதினார். அவர் நிட்டேவோவைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவரையும் சந்திக்கவில்லை. லேனம என்ற காட்டுப் பகுதியின் வேடர்களிடமிருந்து ஒரு சிங்கள வேட்டைக்காரருக்கு வந்த கதை, அவர் வழியாக நெவிலுக்கு வந்தது. லேனம வேடர்களே அப்போது ஒரு கூட்டமாக இல்லாமல் போயிருந்தார்கள். அடுத்து, 1914இல் பிரெடெரிக் லூயிஸ் கிழக்கு ஊவாவிலும் தென் பாணமைப் பற்றிலும் தாம் அலைந்த அனுபவத்தை எழுதியபோது, அதே கதையை வேறு வாய்களிலிருந்து கேட்டதாகப் பதிந்தார். தலைமுறைகளை எண்ணிப் பார்த்தால் கடைசி நிட்டேவோ இறந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று வருகிறது. 1945இல் கொழும்பில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஒஸ்மன் ஹில் ‘லோரிஸ்’ சஞ்சிகையில் இதைத் தீராத புதிர் என்று எடுத்துக்கொண்டார். 1963இல் கப்டன் ஏ. டி. ரம்புக்வெல்ல அந்தக் காட்டுக் குகைகளுக்கே ஆட்களோடு போய்வந்தார். நிட்டேவோவின் ஓர் எலும்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சொல்லப்பட்ட இயல்புகள் இவை: மூன்று முதல் நான்கு அடி உயரம், பெண்கள் இன்னும் குட்டை. நிமிர்ந்த நடை, வால் இல்லை. உடம்பில் செம்மை படிந்த மயிர். குட்டையான, வலுத்த கைகள், நீண்டு வளைந்த நகங்கள். பத்துப் பேர், இருபது பேராகக் குகைகளிலும், மரக்கிளைகளில் அமைத்து இலையால் மூடிய பரண்களிலும் வாழ்வார்கள். முயல், அணில், ஆமை, உடும்பு, மான் என்று கிடைத்ததைப் பிடித்து, நகத்தாலேயே வயிற்றைக் கிழித்துத் தின்பார்கள். வில்லும் இல்லை, கோடரியும் இல்லை. பறவை கீச்சிடுவதைப் போலப் பேசுவார்கள், அதில் கொஞ்சம் வேடருக்கு விளங்கும். தூங்குகிற வேடரின் வயிற்றையும் கிழிப்பார்கள். அதனால் தீராப் பகை. முடிவில் லேனம வேடர்கள் எஞ்சியவர்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் விறகைக் குவித்துத் தீ வைத்து, மூன்று நாள் எரியவிட்டு மூச்சடைக்கச் செய்து கொன்றார்கள்.

நிட்டேவோ உண்மையான உயிர் என்று வாதிடுவோருக்கு நல்ல வாதம் ஒன்று உண்டு. இந்தக் கதையில் மாயம் இல்லை. நிட்டேவோ உருமாறவில்லை, பறக்கவில்லை, வரம் தரவில்லை. தின்கிறது, தூங்குகிறது, சாகிறது. பேய்க்கதைகளுக்கு இல்லாத இந்த அடக்கம் ஹில்லைக் கவர்ந்ததில் வியப்பில்லை. முப்பது ஆண்டு இடைவெளியில் இருவர் பதிந்த செய்திகள் ஒத்துப்போவதும் சேர்ந்துகொள்கிறது.

ஒத்துப்போவது எதை நிறுவுகிறது என்று பார்க்கவேண்டும். நெவிலுக்கும் லூயிஸுக்கும் சொன்னவர்கள் ஒரே வட்டாரத்து ஆட்கள், ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு பேர் ஒரே கதையைச் சொல்வதால் கதை பரவியிருந்தது என்று தெரியும். அந்தக் கதைக்குள் இருக்கும் உருவம் காட்டில் நடந்தது என்று தெரியாது. சம்பவத்துக்கும் முதல் பதிவுக்கும் இடையில் நூறு ஆண்டு வருகிறது. நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட சாட்சியை வைத்து ஒரு காணி வழக்கைக்கூட வெல்லமுடியாது.

ஆகவே இயல்புகளையே எடுத்துப் பார்ப்போம். இந்த வேலையை எழுதியவர்களில் பலர் முழுமையாகச் செய்யவில்லை என்பது என் குறை. மொத்தமாக நம்பினார்கள், அல்லது மொத்தமாகத் தள்ளினார்கள்.

நகத்திலிருந்து தொடங்கலாம். கதையில் அதிகம் அச்சமூட்டும் உறுப்பு அதுதான். மனிதருக்கோ குரங்குக்கோ மான் வயிற்றைக் கிழிக்கும் நகம் கிடையாது. வாலில்லாக் குரங்கினங்கள் எல்லாவற்றுக்கும் தட்டை நகம்தான். அந்தக் காட்டில் வளைந்த நீள் நகம் உள்ள விலங்கு கரடி. கரையான் புற்றைத் தோண்டுவதற்கென்றே அமைந்த, ஏறத்தாழ மூன்று அங்குல நகங்கள் அதற்கு உண்டு. பின்காலில் நிமிர்ந்து நிற்கும், மரம் ஏறும், குகையில் தங்கும், மயிர் சடைத்திருக்கும், வால் மயிருக்குள் மறைந்துவிடும், பின்காற் சுவடு மனிதக் காலடியை ஒத்திருக்கும். திடுக்கிட்டால் ஓடாமல் பாய்ந்து முகத்தையும் தலையையும் கிழிக்கும். வன்னிக் காட்டில் தேன் எடுக்கப் போகிறவர்கள் சிறுத்தையைவிடக் கரடிக்கு அஞ்சுவது இதனால்தான். கதிர்காம யாத்திரைக் காலமாகிய ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடிகள் பாலை மரத்தில் ஏறிக் கிளைகளில் இருப்பதை யால, குமண காடுகளில் காணலாம். அந்தி வெளிச்சத்தில் மரக்கிளையில் மயிரடர்ந்த ஓர் உருவம், நீண்ட நகம், பின்பு இறங்கி இரண்டு காலில் நிமிரும் நிலை என்று கதையின் பாதி அங்கேயே இருக்கிறது.

பாதிதான். கரடி கறுப்பு, தனித்துத் திரிவது, மான் பிடித்துத் தின்னாதது. நிட்டேவோ என்றால் கரடிதான் என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் செம்மயிரையும் கூட்ட வாழ்வையும் கீச்சொலியையும் கைகழுவிவிடுகிறார்கள். இந்த மூன்றையும் இலங்கையின் செம்பழுப்புக் குரங்கு, சிங்களத்தில் ரிலவா எனப்படுவது, எளிதாக நிரப்பும். தலை மயிர் தொப்பிபோல விரிந்த அது கூட்டமாக வாழ்கிறது, ஓயாமல் ஒலியெழுப்புகிறது. ஆனால் நீண்ட வால் உண்டு. குகைக்குப் போவதில்லை.

இப்படிக் கரடியின் நகமும் குரங்கின் மயிரும் ஒரே உடம்பில் ஒட்டுவது எப்போது? நேரில் பார்த்த ஒரே விலங்கை விவரிக்கும்போது அப்படி ஒட்டாது. பல தலைமுறை கதைத்துக் கதைத்து, காட்டில் அஞ்சத்தக்க எல்லாவற்றையும் பகைவன்மேல் ஏற்றும்போது ஒட்டும். மானின் குடலை உருவும் நகமும், மூன்றடி உயரமும், கருவி இல்லாக் கையும் ஒன்றாகச் சேர்ந்த உயிர் சிறுத்தை உலவும் காட்டில் எப்படிப் பிழைத்திருக்கும் என்று கதை கவலைப்படவில்லை. பகைவனை விவரிக்கும் கதைக்கு அந்தக் கவலை தேவையும் இல்லை.

வாலில்லாக் குரங்கு என்ற வாதத்தைத் தள்ளிவிட அதிக நேரம் தேவையில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் இன்று வாழும் ஒரே வாலில்லாக் குரங்கு வகை கிப்பன், அதுவும் வடகிழக்கில் மட்டும். தென்னிந்தியாவில் அப்படி ஒன்று வாழ்ந்த தடயம் இல்லை. கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் இலங்கை தென்னிந்தியாவோடு திரும்பத் திரும்ப இணைந்திருந்தது. கடைசிப் பிரிவு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான். மன்னார் வழியாக வராத குரங்கு லேனமவில் எப்படி முளைக்கும்?

ஹில்லின் விடை இதைவிடக் கனமானது. ஜாவாவில் 1891இல் டுபுவா கண்டெடுத்த ஆதிமனித இனத்தின் கிளையாக நிட்டேவோவைப் பார்க்க அவர் விரும்பினார். குரங்கினங்களின் உடற்கூற்றில் அவர் காலத்துப் பெரும் அறிஞர்களில் ஒருவர் என்பதால் இதை மரியாதையோடு எதிர்கொள்ளவேண்டும். அப்படி எதிர்கொண்டாலும் உயரத்திலேயே வாதம் உடைகிறது. ஜாவா மனிதன் குள்ளன் அல்ல, டுபுவா கண்ட தொடை எலும்பு இன்றைய மனித உயரத்தைக் காட்டியது. நகம், மயிர் ஆகியவற்றுக்கும் அந்த எலும்புகளில் ஆதாரம் இல்லை. இதே ஹில்லிடம் 1950களின் பிற்பகுதியில் நேபாளத்தின் பங்போச்சே மடத்தில் இருந்த, ‘எட்டி’ என்ற இமயமலைப் பனிமனிதனின் கை எனப்பட்டதிலிருந்து விரல் ஒன்று போய்ச் சேர்ந்தது. லண்டனில் கிடந்த அந்த விரலை 2011இல் மரபணு ஆய்வுக்கு உட்படுத்தியபோது மனித விரல் என்று தெரிந்தது. எட்டியுடையவை எனப்பட்ட ஒன்பது மாதிரிகளை 2017இல் ஆராய்ந்தபோது எட்டு கரடி, ஒன்று நாய். மயிரும் தோலும் எலும்பும் கைக்கு வந்த இடங்களிலெல்லாம் புதிய உயிர் மறைந்து கரடியும் மனிதனும் மிஞ்சுகிறார்கள். லேனமவில் கைக்கு எதுவும் வரவில்லை.

2004இல் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் ஏறத்தாழ மூன்றரை அடி உயரமான ஒரு மனித இனத்தின் எலும்புகள் அறிவிக்கப்பட்டபோது நிட்டேவோ பேச்சு மறுபடி உயிர்த்தது. உயரம் பொருந்துகிறதே என்றார்கள். பொருந்துவது உயரம் மட்டும். புளோரெஸ் எந்தப் பனியுகத்திலும் ஆசியப் பெருநிலத்தோடு இணையாத தீவு. அந்தத் தனிமைதான் உடம்பைச் சுருக்கியது என்பது பெரும்பாலான ஆய்வாளர் விளக்கம். இலங்கைக்கு அந்தத் தனிமை வாய்க்கவில்லை. இன்னொன்று, அந்த எலும்புகள் அறுபதாயிரம் ஆண்டுக்கும் பழையவை. 18ஆம் நூற்றாண்டுக்கு அவற்றை இழுத்துவர ஒரு பாலமும் இல்லை.

எனக்குப் பெரிதாகப்படும் சான்று நம் நாட்டு மண்ணிலேயே இருக்கிறது. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர் வேட்டையாடித் தின்ற குரங்குகளின் எலும்பும், மலையணில்களின் எலும்பும் குவியலாகக் கிடைத்தன. 2019இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மழைக்காட்டின் ஈரத்திலும் குரங்கெலும்பு அவ்வளவு காலம் நின்றிருக்கிறது. யாலவுக்கு மேற்கே அம்பாந்தோட்டைக் கரையில் பல்லேமலல சிப்பிமேட்டில் நான்காயிரம் ஆண்டு வயதுள்ள மனித எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதைவிட மிகப் பழைய எலும்புகள் பெல்லன்பந்தி பலஸ்ஸவில் கிடைத்தன. பட்டதொம்பலெனவிலும் கிடைத்தன. அத்தனையும் நம் இனத்து மனிதர். 250 ஆண்டுக்கு முன் வரை கூட்டங்கூட்டமாக வாழ்ந்த ஓர் உயிரின் பல் ஒன்றுகூட வறண்ட குகைகளில் மிஞ்சவில்லை என்றால், அந்த உயிர் இருந்ததென்று சொல்வோர்தான் கணக்குக் காட்டவேண்டும்.

ஆகவே குரங்கு என்ற வாதத்தையும் ஆதிமனிதன் என்ற வாதத்தையும் நான் தள்ளுகிறேன். இராமாயண வானரப் படைக்கு இதை ஆதாரமாக்க முயல்வதையும் கூடவே தள்ளுகிறேன். காவியத்துக்கு லேனமவின் சான்று தேவையில்லை.

நகத்தையும் மயிரையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? இலையால் கூரை வேய்ந்த பரண், குகை வீடு, வேடருக்குக் கொஞ்சம் விளங்கும் பேச்சு, இருபது பேர் கொண்ட கூட்டம், உடும்பும் ஆமையும் உணவு. பரணுக்குக் கூரை போடும் விலங்கு இலங்கைக் காட்டில் இல்லை. ஒரு பேச்சு பக்கத்து மனிதருக்குக் கொஞ்சமாவது விளங்குகிறது என்றால் அது மொழி. மிஞ்சும் ஒவ்வொன்றும் மனிதர் குணம். கதையைச் சொன்னவர்களே அந்தக் காட்டு மனிதரைத் தம் பேச்சில் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் வேடரைப் பற்றி வெளியார் எழுதியவற்றைக் கூடவே வைத்துப் படிக்கவேண்டும். 1681இல் ரொபர்ட் நொக்ஸ் அவர்களைக் காட்டு மனிதர் என்ற பிரிவில் வைத்தார். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர் பலர் வேடரைக் குள்ளர், குகைவாசிகள், பேச்சுத் தெளிவற்றவர், சிரிக்கத் தெரியாதவர், விலங்கைவிட ஒரு படி மேலே நிற்பவர் என்றெல்லாம் எழுதினார்கள். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடரோடு பழகி எழுதிய நூல் வந்தபின்பே அந்தப் பேச்சின் பெரும்பகுதி பொய் என்று படித்தவர்களுக்குத் தெரிந்தது. வேடரைப் பற்றிச் சிங்களவரும் தமிழரும் வெள்ளையரும் சொன்னதையே, லேனம வேடர் தம்மைவிட எளிய இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னதாகக் கதை வருகிறது. வெருகல், வாகரைப் பக்கம் தமிழ் பேசி வாழும் வேடர்களைப் பற்றி யாத்திரை வழியில் நம்மவர் வாயில் வரும் சில சொற்களும் இதற்குத் தூரமில்லை. அதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அப்படியானால் குகைத் தீ நடந்ததா? இங்கே என் தராசு அசைகிறது. புளோரெஸ் தீவின் நாகே மக்கள், எபு கோகோ என்ற மயிர் மூடிய குள்ளரைத் தம் முன்னோர் ஒரு குகைக்குள் வைத்து எரித்துக் கொன்றதாகச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அதே உருவம், அதே குகை, அதே தீ. மானிடவியலாளர் கிரெகரி போர்த் இந்தக் கதைகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இப்போது அவர்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு எந்தக் காட்டுக்குள்ள கதைக்கும் ஒரு விடை வேண்டும். குகைத் தீ அதற்கு வசதியான விடை. எனவே லேனமக் கொலையை நடந்த வரலாறு என்று என்னால் எழுதமுடியாது. கட்டுக்கதை என்று அடித்துவிடவும் முடியாது. சிறு கூட்டங்களைப் பெரிய கூட்டங்கள் இப்படி முடித்த செய்திகள் மனித வரலாற்றில் குறைவில்லை. வேடனை வேடனே எரித்தான் என்ற பழியையும் ஆதாரமின்றி ஏற்றக்கூடாது. கதையை நமக்குச் சொல்லும் குரலில் பாதி வேடர் குரல் அல்ல.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நிட்டேவோ என்ற விலங்கு இருக்கவில்லை. நிட்டேவோ என்று அழைக்கப்பட்ட மனிதர் இருந்திருக்கலாம், அது நிறுவப்படவில்லை. அவர்கள் எரிக்கப்பட்டார்களா என்பதும் நிறுவப்படவில்லை. ஆனால் இந்த மூன்றில் இனி ஆராயத் தகுந்தவை பின்னிரண்டு மட்டும். இவ்வளவு காலமும் எழுதியவர்கள் முதலாவதிலேயே மையைச் செலவழித்தார்கள். அது எந்த இனக் குரங்கு என்று கேட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் யார் என்று கேட்கவில்லை. நெவிலின் குறிப்பில் மூன்று நாள் தீ ஒரு முடிவுரை மாதிரிக் கடந்துபோகிறது. அந்தத் தீக்கு உள்ளே இருந்தவர்கள் பேசத் தெரிந்தவர்கள் என்று அதே குறிப்பு சொல்கிறது. இது என்னை உறுத்துகிறது.

என் தீர்ப்பை மாற்றக்கூடிய சான்று எது என்பதும் தெளிவு. ரம்புக்வெல்ல போனபோது இல்லாத கருவிகள் இன்று தொல்லியலாளர் கையில் உண்டு. பாணமைக்குத் தெற்கேயுள்ள குகைகளில் தரையை அடுக்கு அடுக்காக எடுத்தால், பல நாள் எரிந்த பெருந்தீ மண்ணைச் சுட்டுச் சிவப்பாக்கியிருக்கும், கரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பலாம், பல் ஒன்று கிடைத்தால் மரபணு பார்க்கலாம். மனிதரல்லாத பல் கிடைத்தால் நான் எழுதியதைத் திரும்பப் பெறுவேன். மனிதப் பல் கிடைத்தால் அது விலங்கியல் பெட்டிக்குள் போகக்கூடாது. எடின்பரோ பல்கலைக்கழகம் நூறாண்டுக்கு மேல் வைத்திருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019 நவம்பரில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் திருப்பிக் கொடுத்தது. லேனமவில் தோண்டுவதற்கு முன்பே அவருடைய மக்களிடம் போய் அனுமதி கேட்கவேண்டும்.